ஆய்வேடு சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதம்

2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் பலகையைக் கடக்காமல் பெரிய சாலை எதிலும் நெடுந்தூரம் போக முடியாது. ஜி.எஸ்.டி. சாலையோரம் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., வண்டலூர் கிரசென்ட், பல்லாவரம் வேல்ஸ் இருக்கின்றன. பழைய மாமல்லபுரம் சாலையில் படூர் இந்துஸ்தானும் கேளம்பாக்கம் செட்டிநாடும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூர் அமெட்டும், மேலக்கோட்டையூரில் அரசின் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். இவை அனைத்திலும் முனைவர் பட்டத்துக்கான ஆய்வு நடக்கிறது. ஆய்வு மாணவர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. நெறியாளர் மனம் வைத்தால்தான் பட்டம் கிடைக்கும், ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், எப்போது கூப்பிடுகிறார்களோ அப்போதுதான் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு என்பதே அது. இந்த நம்பிக்கை சட்டப்படி தவறு. வீட்டில் யாரும் கல்லூரிப் பக்கமே போயிராத முதல் தலைமுறை ஆய்வாளரை இது இன்னும் கடுமையாகப் பாதிக்கிறது. கேட்டால் கிடைக்கும் என்று சொல்லித்தர அவருக்கு வீட்டில் ஆளில்லை.

பட்டம் வழங்குவது யாருடைய சொந்த அதிகாரமும் இல்லை. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், அந்தச் சட்டத்தின் கீழ் நிகர்நிலை என்று அறிவிக்கப்பட்ட நிறுவனமும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் தந்த நிறுவனமும் மட்டுமே பட்டம் தர முடியும். நிலமும் கட்டடமும் அறக்கட்டளைக்குச் சொந்தமாக இருக்கலாம். பட்டம் தரும் உரிமை அரசு ஒப்படைத்த பொறுப்பு. இதை உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன வழக்கு இந்த மாவட்டத்திலிருந்தே போனது. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஒருவர் தம் பணிநீக்கத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். தனி நீதிபதி மனுவை ஏற்றார். தனியார் நிறுவனத்தின் மீது ரிட் செல்லாது என்று டிவிஷன் அமர்வு அதை மாற்றியது. 2015 டிசம்பர் 15 அன்று ஜேனட் ஜெயபால் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த அமர்வின் முடிவை நீக்கியது. உயர்கல்வி தருவது பொதுக் கடமை, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அந்தக் கடமையைச் செய்கிறது, ஆகவே அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் அது உயர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 2022-இல் செயின்ட் மேரிஸ் கல்விச் சங்க வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டவில்லையா என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கட்டியது உண்மைதான். தனியார் கல்வி நிறுவன ஊழியரின் பணி ஒப்பந்தத் தகராறில் பொதுச் சட்டத்தின் கூறு எதுவும் இல்லையென்றால் ரிட் வராது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் ஆய்வேட்டை மதிப்பிடுவதும் பட்டம் வழங்குவதும் பணி ஒப்பந்தத்தில் சேராது. பொதுக் கடமை என்று நீதிமன்றம் சொன்னதன் மையமே அதுதான். ஊழியருக்கு எழும் ஐயம் மாணவருக்கு எழ வேண்டியதில்லை.

உரிமை இருக்கிறது என்றால், யாரிடம் கேட்பது? இந்த வட்டாரத்தில் இதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் ஆய்வு நடக்கும் இடம் ஒன்றாகவும் பட்டம் தரும் இடம் வேறாகவும் இருக்கிறது. கிழக்குத் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆய்வு செய்பவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. களவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியின் ஆய்வு மாணவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தவர். கல்பாக்கத்து மையம் ஹோமி பாபா தேசிய நிறுவனம் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அங்கம், அதன் தலைமையிடம் மும்பை. கல்லூரி முதல்வருக்கு ஆறு கடிதம் எழுதியும் பயனில்லாமல் போவதற்குக் காரணம் பல நேரம் எளியது. ஆய்வேடு அவர் கையில் இல்லை, பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருக்கிறது. பதிவுக் கடிதத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அதன் பதிவாளருக்கே கடிதம் போக வேண்டும், கல்லூரிக்கு நகல் போதும்.

எந்த விதி தமக்குப் பொருந்தும் என்பது அடுத்துத் தெரிய வேண்டியது. முனைவர் பட்டத்துக்கான குறைந்தபட்சத் தரமும் நடைமுறையும் பற்றிய மானியக் குழுவின் இப்போதைய ஒழுங்குமுறைகள் 2022 நவம்பர் 7 அன்று அரசிதழில் வந்தன. அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பதிவு நாளைப் பொறுத்து 2009 அல்லது 2016 ஒழுங்குமுறைகள் பொருந்தும். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு எங்கள் சொந்த விதி என்று அலுவலகத்தில் சொல்லக்கூடும். சொந்த விதி இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்தவை, நிகர்நிலை என எல்லாவற்றுக்கும் இந்த ஒழுங்குமுறைகள் பொருந்தும் என்று அவற்றின் தொடக்கமே சொல்கிறது. அவை பெயரிலேயே குறைந்தபட்சத் தரங்கள். பல்கலைக்கழகம் அதற்கு மேலே கூட்டலாம், கீழே இறங்க முடியாது.

2022 ஒழுங்குமுறைகளை நிதானமாகப் படித்தால், நெறியாளர் ஒருவர் கையில் குவிந்திருந்த அதிகாரத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்திருப்பது புரியும். ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவின் முன் தம் முன்னேற்றத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். பல இடங்களில் இதை டாக்டரல் கமிட்டி, டி.சி. கூட்டம் என்பார்கள். குழுவின் பரிந்துரை பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது அதன் நகல் ஒன்று மாணவருக்கும் தரப்பட வேண்டும். முன்னேற்றம் போதவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் பதிந்து, திருத்திக்கொள்ளும் வழியையும் குழு சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லியும் மாணவர் செய்யாதபோதுதான், குறிப்பான காரணங்களோடு, பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்க முடியும். மூன்று ஆண்டுகள் எல்லாக் கூட்டங்களிலும் ‘திருப்தி’ என்று எழுதிவிட்டு நான்காம் ஆண்டில் வேலையே நடக்கவில்லை என்று ஒரு நெறியாளர் சொன்னால், அந்த நகல்களே மாணவரின் சாட்சி. நடைமுறையில் எத்தனை பேர் அந்த நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்கிறார்கள்? கேட்டால் நெறியாளர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கான விலையைப் பின்னால் அவர்களே கொடுக்க நேர்கிறது.

கால எல்லையும் விதியில் இருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு, மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு கூடும், மொத்தம் பத்து ஆண்டைத் தாண்டக்கூடாது. மகப்பேற்றுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் ஆய்வுக் காலம் முழுவதிலும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. திருமணமோ வேறு காரணமோ, ஊர் மாறும் பெண் ஆய்வாளர் தம் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துப் போகலாம். பழைய நிறுவனத்துக்கும் நெறியாளருக்கும் உரிய மதிப்பைக் குறிப்பிட வேண்டும், ஆய்வு அவர்கள் வாங்கிய நிதித் திட்டத்தின் பகுதியாக இருக்கக் கூடாது. இதைத் தெரியாமல் கல்யாணத்தோடு ஆய்வை விட்டுவிடும் பெண்கள் இழப்பது பல ஆண்டு உழைப்பு. இந்தக் கரையில் இருளர் குடியிருப்புகளிலும் மீனவர் குப்பங்களிலும் முட்டுக்காட்டு உவர்நீர்ப் பரப்பிலும் சேகரித்த களத் தரவை மறுபடி சேகரிக்க முடியாது. அதன் நகல் ஆய்வாளரிடம் எப்போதும் இருக்கட்டும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வரும் காலத்தைத்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆய்வு நடக்கும்போது குறைந்தபட்சம் பருவத்துக்கு ஒரு கூட்டமாவது இருக்கிறது. சமர்ப்பித்த பின் மாணவர் எதுவும் அறியாமல் காத்திருக்கிறார். தேர்வாளர் பட்டியல் போயிற்றா, அவர்கள் ஒப்புக்கொண்டார்களா, ஆய்வேடு அனுப்பப்பட்டதா, எந்த மேசையில் கோப்பு தங்கியிருக்கிறது என்று எதுவும் தெரிவதில்லை. விதி மிகத் தெளிவாக இருக்கிறது. ஆய்வேட்டை மதிப்பிடுவது முதல் வாய்மொழித் தேர்வின் முடிவை அறிவிப்பது வரை முழு வேலையையும் சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிக்கத் தக்க ஏற்பாட்டைப் பல்கலைக்கழகம் செய்ய வேண்டும். 2016 ஒழுங்குமுறைகளிலும் இதே ஆறு மாதம் இருந்தது. ஆகவே புதிய விதி, பழகக் கொஞ்சக் காலம் ஆகும் என்ற சமாதானம் எடுபடாது. தாமதத்தின் சுமை பணத்திலும் தெரியும். 2023 ஜனவரி முதல் மானியக் குழுவின் முதுநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய், இளநிலைக்கு 37,000. இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டுக்கு மேல் கிடைக்காது. ஐந்து ஆண்டு முடிந்து, பட்டமும் வராமல், வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாமல் ஓராண்டு காத்திருக்கும் ஒருவர் யாரிடம் கடன் வாங்குவார் என்று பல்கலைக்கழக அலுவலகங்கள் யோசிப்பதில்லை.

நேர்மையாகக் கேட்க வேண்டிய மறுப்பு ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் நேரத்துக்கு அறிக்கை அனுப்புவதில்லை, அதற்குப் பல்கலைக்கழகம் என்ன செய்யும்? இது உண்மையான இடர்ப்பாடு. ஆனால் விதி கேட்பது நிறுவனத்துக்கு வெளியே உள்ள குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களை. அவர்களில் ஒருவர் இயன்றவரை வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பட்டியலில் மாற்றுப் பெயர்கள் இருப்பது இதற்காகவே. இத்தனை வாரத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் அடுத்தவருக்குக் கடிதம் போகும் என்ற நடைமுறையை வகுப்பது கடினமான வேலை இல்லை. தேர்வாளர் தாமதிப்பது தேர்வாளரின் குறையாக இருக்கலாம், அவர் தாமதிப்பதைப் பார்த்துக்கொண்டு எட்டு மாதம் சும்மா இருப்பது அலுவலகத்தின் குறை. இன்னொரு கவலை, அவசரப்படுத்தினால் தரம் கெடும் என்பது. ஆறு மாதத்தில் பெரும்பகுதி ஆய்வேடு படிக்கப்படாமல் உறையில் கிடக்கும் காலம். அதைக் குறைப்பதால் தேர்வாளர் படிக்கும் நேரம் குறையாது.

அறிக்கைகள் வந்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரு புறத்தேர்வாளரும் ஏற்கலாம் என்றால், அவர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்த பின் வைவா. ஒருவர் ஏற்க, ஒருவர் நிராகரித்தால், ஆய்வேடு அங்கேயே செத்துவிடாது. ஒப்புதல் பெற்ற பட்டியலிலிருந்து மாற்றுத் தேர்வாளர் ஒருவருக்கு அது அனுப்பப்பட வேண்டும், அவர் ஏற்றால் வைவா நடக்கும். அவரும் மறுத்தால் ஆய்வேடு நிராகரிக்கப்படும், மாணவர் பட்டத்துக்குத் தகுதியற்றவர் என்று அறிவிக்கப்படுவார். ஒரே ஒரு எதிர்மறை அறிக்கையைக் காட்டி எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அறிக்கையைப் பார்க்கும் உரிமைக்கும் சட்ட ஆதாரம் உண்டு. 2011-இல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில், மதிப்பிட்ட தம் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வு எழுதியவருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை உண்டு, தேர்வாளரின் பெயரை மட்டும் மறைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆய்வேட்டு அறிக்கைக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும் என்பது என் வாதம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். தனியார் நிகர்நிலை நிறுவனம் நேரடியாகத் தகவல் தர மறுத்தால், மானியக் குழு சட்டப்படி அதனிடமிருந்து பெறக்கூடிய தகவலை மானியக் குழு வழியாகக் கேட்கும் வாசல் அதே சட்டத்தில் இருக்கிறது.

வைவா என்பது மூடிய அறைச் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நெறியாளரும், இரு புறத்தேர்வாளர்களில் குறைந்தது ஒருவரும் நடத்தும் அந்தத் தேர்வு ஆலோசனைக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும் பிற ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. இணையவழியிலும் நடத்தலாம். திறந்த வைவா மாணவருக்குத்தான் பாதுகாப்பு, ஏனென்றால் கேள்வி நியாயமானதா, பதில் போதுமானதா என்பதைப் பலர் பார்த்துவிடுகிறார்கள். அறிக்கையில் தேர்வாளர் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பக்கத்தில் என்ன திருத்தினேன், திருத்தாவிட்டால் ஏன் திருத்தவில்லை என்று எழுதி வைத்துக்கொண்டு போகிறவர் தடுமாறுவதில்லை. தேர்வாளரோடு கருத்து வேறுபடலாம். வேறுபட்டுக் காரணம் சொல்வதற்காகவே அந்தத் தேர்வு.

வைவாவை ஒட்டிப் பழகிப்போன இன்னொரு வழக்கத்தைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். தேர்வாளருக்கு விமானச் சீட்டு, விடுதி, மாமல்லபுரம் சுற்றிக்காட்டக் கார், மதியம் துறை முழுவதற்கும் விருந்து, சால்வை, சில இடங்களில் உறை. இதெல்லாம் மரியாதை என்று சொல்லப்படுகிறது. தேர்வாளரை வரவழைப்பது பல்கலைக்கழகத்தின் வேலை, அதற்காகத்தான் ஆய்வேட்டுக் கட்டணம் வாங்கப்படுகிறது. விளக்கக் குறிப்பேட்டில் சொன்னதற்கு மேல் பணம் கேட்பது 2023-ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படியே ஒரு குறை. உறை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். தனியார் பல்கலைக்கழகப் பேராசிரியர் அரசு ஊழியரா என்ற சந்தேகத்தையும் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வதோதரா அருகே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுதவிடப் பணம் கேட்கப்பட்டதாக எழுந்த வழக்கில், 2020 ஏப்ரல் 27 அன்று, ஊழல் தடுப்புச் சட்டத்தில் பல்கலைக்கழகம் என்ற சொல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் உள்ளடக்கும் என்று அது தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் தேர்வுப் பணிக்காகப் பல்கலைக்கழகம் அமர்த்தும் வெளியாரையும் அரசு ஊழியர் வரையறைக்குள் சேர்க்கிறது. 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளியே. ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் ஊழல் தடுப்புத் துறையிடமோ காவல் துறையிடமோ தெரிவித்துவிட்டால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த ஏழு நாளை நினைவில் வையுங்கள்.

உரிமை கேட்பவர் தம் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் கருத்துத் திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் வந்த மானியக் குழுவின் கல்வி நேர்மை ஒழுங்குமுறைகளின்படி, பத்து விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். அறுபது வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. அறுபதுக்கு மேல் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பின் தெரியவந்தாலும் பட்டம் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கப்படும். நூற்பட்டியலும், மேற்கோளாக உரியபடி குறித்தவையும் கணக்கில் சேரக் கூடாது. மென்பொருள் காட்டும் எண்ணைக் கண்டு அஞ்சாமல், எதை எண்ணியது என்று முழு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வேடு எழுதித் தருகிறோம், கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று சுவரொட்டி ஒட்டும் கடைகள் பக்கம் போகவே வேண்டாம். 2022 விதிகள் சமர்ப்பிப்பதற்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டன. தம் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறதா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டால், போலி இதழ்களுக்குப் போகும் பணம் மிஞ்சலாம். விலைக்கு வாங்கிய ஆய்வேடு, ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி நிற்கும், விற்றவர் என்றைக்கும் வந்து மிரட்டலாம். நிறுவனமே விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2025 ஜனவரியில் ராஜஸ்தானின் ஓ.பி.ஜே.எஸ்., சன்ரைஸ், சிங்கானியா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் ஐந்து ஆண்டுகளுக்கு முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று மானியக் குழு தடை விதித்தது. ஆகவே பட்டத்தோடு, இது மானியக் குழு ஒழுங்குமுறைப்படி வழங்கப்பட்டது என்று சொல்லும் தற்காலிகச் சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தருவதும் விதியில் உள்ள கடமை.

குறை என்றால் எங்கே போவது? ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த பதினைந்து வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவில் நிறைவில்லை என்றால் பதினைந்து நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஒம்பட்ஸ்பர்சன் எனப்படும் அவர் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ, பேராசிரியராகவோ, மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். அவர் முப்பது நாளில் தீர்க்க வேண்டும். தேர்வு நடத்துவதிலும் முடிவு அறிவிப்பதிலும் தாமதம், வெளிப்படையற்ற மதிப்பீடு, சான்றிதழைத் தடுத்து வைத்தல் எல்லாம் 2023-ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளில் குறைகளாகவே பட்டியலிடப்பட்டவை. மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும் பதியலாம். பாலியல் தொல்லை என்றால் பாதை வேறு. உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். விசாரணை முடியும் வரை, புகாருக்கு உள்ளானவர் புகார் தந்தவரின் வேலையை மதிப்பிடக் கூடாது என்று இடைக்காலத் தடை கேட்க, பாலியல் தொல்லை பற்றிய மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வழி தருகின்றன. ஆய்வு போய்விடுமே என்று பொறுத்துக்கொள்ளும் பெண்களுக்காகவே எழுதப்பட்ட வரி அது. இவற்றுக்கு அப்பால் சென்னை உயர் நீதிமன்றம். ஆய்வேடு நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் சொல்லாது. 1963-இல் தீர்ப்பான மைசூர்ப் பல்கலைக்கழக வழக்கிலிருந்தே கல்வியாளர்களின் மதிப்பீட்டில் தலையிடத் தயங்குவது நீதிமன்றங்களின் மரபு. ஆனால் மாற்றுத் தேர்வாளருக்கு அனுப்பவில்லை, ஆறு மாதத்துக்கு மேலாகியும் முடிவு அறிவிக்கவில்லை, காரணம் சொல்லாமல் பதிவை ரத்து செய்தார்கள் என்பவை நடைமுறை மீறல்கள், அவை நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருபவை. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

புகார் கொடுத்தால் எதிர்காலம் போய்விடும், பரிந்துரைக் கடிதம் கிடைக்காது, துறை உலகம் சிறியது, எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதே ஆய்வு மாணவர்களிடையே அதிகம் கேட்கும் மறுப்பு. இந்த அச்சத்தை அற்பமானது என்று தள்ள முடியாது. ஆனால் பேசாமல் இருந்தால் பாதுகாப்பு என்ற முடிவுக்கும் ஆதாரம் இல்லை. 2023 மார்ச் 31 அன்று சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வு மாணவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓய்வுபெற்ற காவல்துறைத் தலைமை இயக்குநர் ஜி. திலகவதி தலைமையில் குழு அமைத்து விசாரிக்க வேண்டிய நிலை வந்தது. 2025 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் உயர்கல்வி மாணவர்களின் மனநலத்துக்காக நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவையே அமைத்தது. உள்ளே அடக்கி வைத்த நெருக்கடி எங்கே கொண்டு போகும் என்பதை நாடு இவ்வளவு பெரிய விலை கொடுத்துத்தான் கவனித்தது. மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மேலும், எழுத்தில் கேட்பது வேறு, சண்டை போடுவது வேறு. ‘இன்ன தேதியில் ஆய்வேடு சமர்ப்பித்தேன், மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்ற கடிதத்தில் யாருடைய பெயருக்கும் களங்கம் இல்லை. நல்ல நெறியாளர்கள் இத்தகைய கடிதத்தை வரவேற்பார்கள், அவர்களும் அதே அலுவலகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களே. சங்கடப்படுகிறவர் யாராவது இருந்தால், தாமதத்துக்கான காரணம் அவரிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

ஆய்வேட்டைக் கொடுக்கும் நாளில் பல்கலைக்கழக முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். அதிலிருந்து மூன்றாவது மாதம் பதிவாளருக்கு ஒரு நினைவூட்டல், ஐந்தாவது மாதம் இன்னொன்று, இரண்டையும் விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஆறு மாதம் கடந்துவிட்டதென்றால், இந்த வாரமே குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள்.